முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம் போகிறீர்களா? காகிதம் சேர்ப்பதிலிருந்து பணம் வரும் வரை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'சமூக நலம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய அலுவலகம் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே இருக்கும். முதியோர் பணம், விதவைப் பணம் கேட்டு நேராக அங்கே போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர். பஸ் பிடித்து, மாடி ஏறி, மூச்சு வாங்க மேசைக்கு முன்னால் நின்றதும் கிடைக்கும் பதில்: "இது இங்க இல்லம்மா, தாலுகா ஆபீஸ் போங்க."

அவர்கள் சொல்வது சரிதான். மாவட்டச் சமூக நல அலுவலர் பார்ப்பது வேறு வேலைகள். பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் (ஒரே பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய் வைப்புத்தொகை, இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000), ஏழை விதவையின் மகள் திருமண உதவி, விதவை மறுமண உதவி, தையல் இயந்திரம், குடும்ப வன்முறைப் புகார் எல்லாம் அங்கே. மாதாமாதம் வரும் உதவித்தொகை மட்டும் வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. அதற்கென்று தாலுகா அலுவலகத்தில் ஒரு தனி வட்டாட்சியர் உண்டு. பலகையில் 'தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று இருக்கும். பேச்சில் ஓ.ஏ.பி., முதியோர் ஓய்வூதியத்தின் ஆங்கிலச் சுருக்கம். 'ஓ.ஏ.பி. செக்‌ஷன் எங்கே?' என்று வாசலில் டீக்கடைக்காரரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்.

இந்த வழிகாட்டி அந்த ஓ.ஏ.பி. செக்‌ஷனுக்கானது. அப்பா, அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யாருக்காவது துணையாகப் போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். ஏனென்றால் விண்ணப்பிப்பவர் தனியாகப் போய் வேலையை முடித்துக்கொண்டு வருவது அபூர்வம்.

என்ன பணம், யாருக்கு

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்ரலில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 தாண்டினால் 500. மிச்சம் மாநில அரசு போடுவது. இந்தப் பிரிப்பு பணம் வாங்குகிறவருக்கு முக்கியமில்லை என்று தோன்றும். ஆனால் மத்திய அரசு தன் பங்கை இத்தனை பேருக்குத்தான் தருவேன் என்று மாநிலத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 'தகுதி இருக்கு, ஆனா வேகன்சி இல்ல' என்ற பதிலைக் கேட்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஒரே அலுவலகத்தில் பல திட்டங்கள் ஓடுகின்றன. 60 வயதான ஆதரவற்றவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம். கணவரை இழந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மத்திய அரசின் விதவை ஓய்வூதியம். 18 வயதிலிருந்தே மாநில அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியம். கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு ஒன்று (சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும் அல்லது கைவிடப்பட்டு 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும்), 50 வயதைக் கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 ரூபாய். கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை இங்கே இல்லை; அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில்.

எந்தத் திட்டத்தில் போடுவது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு ஒன்றுதான். கணவரை இழந்த 62 வயது அம்மாவுக்கு முதியோர் கணக்கிலும் போடலாம், விதவைக் கணக்கிலும் போடலாம், இரண்டும் கிடைக்காது. கையில் இறப்புச் சான்று இருந்து, மகன்களும் இருந்தால் விதவைக் கணக்கில் போடுங்கள் என்று சில கிராம நிர்வாக அலுவலர்களே சொல்வதுண்டு. ஆகவே அவரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது. மகளிர் உரிமைத்தொகை வாங்குகிறவரும் இதையும் சேர்த்து வாங்க முடியாது. ஆனால் மாமியார் முதியோர் பணம் வாங்குவதால் மருமகளின் உரிமைத்தொகை போய்விடும் என்ற பயம் வேண்டாம். 2023இல் தொடக்கத்தில் அப்படி ஒரு விதி இருந்து, பிறகு தளர்த்தப்பட்டது.

பெயர்: பாதி விண்ணப்பங்கள் விழுகிற குழி

தேவையான காகிதங்கள் அதிகமில்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், புகைப்படம், விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று, மாற்றுத்திறனாளி என்றால் அடையாள அட்டை. இவற்றைச் சேர்ப்பது பெரிய வேலையே இல்லை. இவை எல்லாம் ஒரே ஆளுடையவை என்று காட்டுவதுதான் வேலை.

ஒரு பாட்டி மூக்காயி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் மூக்காயி. ரேஷன் கார்டில் மூக்கம்மாள். பாஸ்புக்கில் எம். மூக்காயி அம்மாள். கணவரின் இறப்புச் சான்றில் மனைவி பெயர் மூக்கி. ஊரில் இந்த நான்கும் ஒரே ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கணினிக்கு நான்கு பேர். செக்‌ஷனில் இருக்கும் உதவியாளர் நான்கு நகல்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டி, "பாட்டி, இதுல நீங்க யாரு?" என்று கேட்பார். பாட்டி சிரிப்பார். விண்ணப்பம் திரும்பி வரும்.

அதனால் வீட்டிலேயே ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, கதவு எண். வித்தியாசம் இருந்தால் ஆதாரை மையமாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம் இணையத்திலேயே கேட்கலாம், வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் போதும். ஆதாரில்தான் பிழை என்றால் கவனம்: பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. அதையும் தப்பாகத் திருத்திவிட்டால் தலைவலி.

வயது விஷயம் இன்னும் மோசம். ஆதார் எடுத்த காலத்தில் 'வயசு என்ன?' என்று கேட்டு, பாட்டி 'அம்பது இருக்கும்' என்று சொல்லி, அவர்கள் ஒரு வருடத்தைப் போட்டு வைத்திருப்பார்கள். எழுபது வயதானவர் ஆதார்படி 57 ஆக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பிள்ளைக்கே நாற்பது தாண்டியிருக்கும்! இப்படி இருந்தால் பழைய வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, அரசு மருத்துவரின் வயதுச் சான்று என்று எது கிடைக்குமோ அதை வைத்து முதலில் ஆதாரைச் சரி செய்யுங்கள். விண்ணப்பத்தை அதற்குப் பிறகு தொடலாம்.

கணவர் இறந்து பல வருடமாகியும் பதிவே செய்யாத வீடுகள் கிராமங்களில் ஏராளம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) உத்தரவு வேண்டும். இதற்கே சில மாதம் போகலாம். இன்னொன்று, 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்று ஒன்று இருக்கிறது. அது அரசு வேலைவாய்ப்பில் முன்னுரிமைக்கு உதவுவது. அதை வாங்கி வைத்திருப்பதால் ஓய்வூதியம் தானாக வராது. இரண்டையும் ஒன்று என்று நினைத்து அலைகிறவர்கள் உண்டு.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நகல்தான் கொடுக்க வேண்டும். மூலச் சான்றைக் காட்டுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 'வச்சிட்டுப் போங்க, பார்த்துட்டுத் தரேன்' என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

பட்டாவைப் பார்த்தீர்களா?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. உதவித்தொகைக்குச் சொத்து வரம்பு உண்டு. 'எங்களுக்கு என்ன சொத்து இருக்கு, குடிசைதான்' என்பார்கள். உண்மையும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் நாற்பது வருடத்துக்கு முன்னால் மாமனார் பெயரில் இருந்த மூன்று ஏக்கர் கூட்டுப் பட்டாவில் இந்த அம்மா பெயரும் ஏறியிருக்கும். பங்கு பிரித்தாயிற்று, விற்றாயிற்று, வாங்கியவர் வீடு கட்டிக் குடியும் வந்தாயிற்று. பட்டாவில் மட்டும் பெயர் நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலர் கணக்கைத் திறந்தால் 'நிலம் உள்ளது' என்று வருகிறது, எழுதிவிடுகிறார்.

அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் கிராமம், பட்டா எண் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. பெயர் தவறாக நின்றால் விற்ற பத்திர நகலையோ பாகப்பிரிவினை நகலையோ எடுத்துக்கொண்டு முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரிடம் பேசிவிடுங்கள். பட்டா மாறுதல் முடியும் வரை காத்திருக்க வேண்டுமா, பத்திரத்தைக் காட்டினால் போதுமா என்பதை அவரே சொல்வார்.

விண்ணப்பம் போடும் நாள்

இ-சேவை மையத்தில்தான் போட வேண்டும். முதலில் 'கேன் நம்பர்' என்ற குடிமக்கள் கணக்கு எண்ணை உருவாக்குவார்கள். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். பேரன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், நம்பர் அவனுடையது, அவன் ஷிப்டில் இருக்கிறான், போன் எடுக்க மாட்டான். இந்தக் காட்சியை எந்த இ-சேவை மையத்திலும் பார்க்கலாம்.

வருமானச் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்குக் கட்டணம் 60 ரூபாய். ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு 10 ரூபாய்தான். கட்டணப் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். தனியார் மையங்களில் 'டைப்பிங் சார்ஜ், ஸ்கேனிங் சார்ஜ்' என்று கூடக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் பாதி சார்ஜ் காணாமல் போகும்.

தட்டச்சு செய்பவர் பக்கத்தில் நின்று திரையைப் பாருங்கள். குறிப்பாக வங்கிக் கணக்கு எண்ணையும் கிளைக் குறியீட்டையும் நீங்களே ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஒரு இலக்கம் பிசகினால் உத்தரவு வந்த பிறகும் பணம் வராது, எங்கே தவறு என்று யாருக்கும் தெரியாது. முடிந்ததும் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் இருக்கும் விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கார்டு உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி வையுங்கள். இனி நடக்கப்போகும் எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் உயிர்.

ஊரில் நடக்கும் விசாரணை

விண்ணப்பம் இ-சேவையிலிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு, அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு தனி வட்டாட்சியருக்கு என்று போகும். எல்லாம் கணினியில்தான். ஆனால் முடிவு பெரும்பாலும் முதல் படியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. மேலே இருப்பவர்கள் கிராமத்திலிருந்து வந்த குறிப்பைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் என் யோசனை, தாலுகா அலுவலகத்துக்கு அலையும் சக்தியில் பாதியைக் கிராம நிர்வாக அலுவலகத்தில் செலவழியுங்கள். விண்ணப்பித்த அன்றோ மறுநாளோ நகல்களோடு போய், 'இன்ன நம்பர்ல அப்ளை பண்ணியிருக்கோம் சார்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் இல்லாவிட்டால் கிராம உதவியாளரிடம். பழைய ஆட்கள் இன்னும் தலையாரி என்றுதான் சொல்வார்கள். ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் மகன் பணம் அனுப்புவதில்லை என்பதெல்லாம் அலுவலரைவிட அவருக்குத்தான் தெரியும்.

விசாரணைக்கு வரும்போது என்ன கேட்பார்கள்? யாரோடு இருக்கிறீர்கள், யார் சோறு போடுகிறார்கள், பிள்ளைகள் எத்தனை, எங்கே வேலை, வீடு யார் பெயரில். இங்கேதான் பெரும்பாலான பெரியவர்கள் தடுமாறுகிறார்கள். பொய் சொல்லி அல்ல, கௌரவத்தால். மகன் மூன்று வருடமாக எட்டிப் பார்க்கவில்லை, ஆனால் வெளி ஆள் கேட்கும்போது, "எம் மகன் நல்லாத்தான் பாத்துக்கிறான், மாசம் தவறாம அனுப்புறான்" என்று அப்பத்தா சொல்லிவிடும். கேட்டவர் எழுதிக்கொண்டு போய்விடுவார். 'வாரிசு ஆதரவில் உள்ளார்' என்று தள்ளுபடி.

இதற்கு முன்கூட்டியே பக்குவமாகப் பேச வேண்டும். மகனைக் குறை சொல்லச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லவும் மாட்டார்கள். 'உள்ளதை உள்ளபடி சொல்லு அப்பத்தா, அவன் எப்ப வந்தான், கடைசியா எவ்வளவு குடுத்தான்னு மட்டும் சொல்லு' என்றால் போதும். அடுத்த வீட்டுக்காரர் யாராவது கூட இருப்பது நல்லது. ரேஷன் கார்டில் மகன் குடும்பத்தோடு சேர்ந்து பெயர் இருந்தால் அதையும் கேட்பார்கள். உண்மையிலேயே தனிச் சமையல் என்றால் தனிக் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகைக்காக மட்டும் காகிதத்தில் பிரிவது வேண்டாம். விசாரணையில் அது வெளியே வந்தால் கார்டும் சிக்கலாகும், உதவித்தொகையும் போகும்.

மகனுக்கு நல்ல வருமானம் இருந்தும் பார்க்கவில்லை என்றால் வேறொரு வழியும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தர உத்தரவிடலாம். பெரும்பாலானவர்கள் பிள்ளை மீது மனுப் போட ஒப்புவதில்லை. ஆனாலும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். முதியோர் உதவி எண் 14567இலும் இதற்கு ஆலோசனை சொல்வார்கள்.

தாலுகா அலுவலகத்தில்

சில வாரம் கழிந்தும் தகவல் இல்லை என்றால் அங்கே போகலாம். திங்கட்கிழமை வேண்டாம், ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் அங்கே போயிருப்பார்கள். முதலமைச்சர், அமைச்சர் வருகை, தேர்தல் வேலை, புயல் மழை, இவை நடக்கும் வாரங்களிலும் பயனில்லை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது புது உத்தரவும் எதிர்பார்க்க வேண்டாம். அலுவலக நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. பத்தரைக்குப் போய்விட்டால் தபால் பார்க்கும் நேரத்தில் ஆள் இருக்கையில் இருப்பார். பதினொன்றரைக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும்.

வாசலில் புங்க மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதுபவர்கள் இருப்பார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் நிஜமாகவே உதவி. நியாயமான கூலி கொடுத்து எழுதி வாங்குவதில் தப்பில்லை. அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கையில் பைல் இல்லாமல் நிற்கும் இன்னொரு வகை ஆள் உண்டு. "எதுக்கு வந்திருக்கீங்க? ஓ.ஏ.பி.யா? உள்ள நம்ம ஆளு இருக்காரு" என்று ஆரம்பிப்பார். சில ஆயிரம் கேட்பார். நான் பார்த்த வரையில் இவர்கள் செய்யும் வேலை ஒன்றுதான்: எப்படியும் வரப்போகிற உத்தரவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, தங்களால் வந்தது என்று சொல்வது. வராத உத்தரவுக்குப் பணம் திரும்பி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

உள்ளே போனதும், 'எங்க பாட்டிக்குப் பணம் வரலை சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த உதவியாளர் அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் கேட்டிருப்பார். 'வரும், போங்க' என்று வாய் தானாகச் சொல்லும். எண்ணைக் கொடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்:

"சார், இந்த நம்பர் இப்ப யார் லாகின்ல நிக்குது?"

இந்தக் கேள்விக்கு 'போங்க' என்று பதில் சொல்ல முடியாது. கணினியைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) லாகின் என்றால் ஊருக்குப் போங்கள். ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லாகின் என்றால் அவர் உட்காரும் குறுவட்ட (சில கிராமங்கள் சேர்ந்த பகுதி) அலுவலகம் எங்கே, எந்தக் கிழமை இருப்பார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தாசில்தார் லாகின் என்றால் அங்கே காத்திருக்கலாம். 'ரிட்டர்ன்' ஆகியிருக்கிறது என்றால் என்ன குறிப்பு என்று வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பின் சரியான வாசகம் வேண்டும்; 'ஏதோ டாக்குமெண்ட் கேக்குறாங்க' என்று வீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு நாள் கூலி போகும். இந்த நிலவரத்தை இ-சேவை இணையதளத்திலும் விண்ணப்ப எண் போட்டுப் பார்க்கலாம் என்றாலும், குறிப்பை நேரில் கேட்பது தெளிவு.

பெரியவரைக் கூட்டிப் போவதா வேண்டாமா? வெறும் நிலவரம் கேட்க வேண்டாம். வெயில், படி, கழிப்பறை என்று அவர்களுக்குத்தான் அவதி. தாசில்தாரை நேரில் பார்க்க வேண்டிய நாளில் மட்டும் கூட்டிப் போங்கள். அன்றைக்குத் தண்ணீர், மாத்திரை, காலையில் ஏதாவது சாப்பாடு, மூலச் சான்றுகள். எழுதிய மனு கொடுத்தால் இரண்டு பிரதி வைத்து, ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம்.

தள்ளுபடி ஆனால்

சண்டை போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வயது குறைவு, சொத்து, வாரிசு, விசாரணையின்போது வீட்டில் இல்லை. அநேகமாக இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். கடைசிக் காரணம் என்றால் புதிதாக விண்ணப்பிப்பதே சுலபம். மற்றவற்றில் காரணம் தவறு என்று உங்களிடம் காகிதம் இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் கொடுக்கலாம். அந்த மனு சுற்றிவந்து அதே தாலுகாவுக்கே வரும் என்பது உண்மைதான், ஆனால் பதில் சொல்லியாக வேண்டிய எண்ணோடு வரும். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணும் அப்படித்தான். எதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல்' என்று ஒரே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். பத்துக் கேள்வி கேட்டால் பத்துக்கும் மழுப்பலாக வரும்.

எல்லாவற்றையும்விட நான் நம்புவது ஜமாபந்தியைத்தான். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதையொட்டி மே, ஜூனில் ஒவ்வொரு தாலுகாவிலும் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்ய ஆட்சியரோ கோட்டாட்சியரோ நேரில் வந்து உட்காருவார். ஒவ்வொரு குறுவட்டத்துக்கும் ஒரு நாள். உங்கள் ஊரின் நாளில், உங்கள் கிராம நிர்வாக அலுவலர், ஆய்வாளர், தாசில்தார் எல்லோரும் கணக்குப் புத்தகங்களோடு ஒரே கூடத்தில் இருப்பார்கள். மற்ற நாட்களில் மூன்று அலுவலகங்களில் தேட வேண்டியவர்கள்! மேலதிகாரி மனுவை வாங்கி, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, 'என்னய்யா இது?' என்று கேட்டால் அங்கேயே பதில் வந்தாக வேண்டும். அன்றைக்கே உதவித்தொகை உத்தரவு வழங்குவதும் நடக்கும். தேதி முன்பே அறிவிக்கப்படும், செய்தித்தாளில் வரும்.

'வேகன்சி இல்லை' என்பதற்கு மட்டும் உடனடி மருந்து கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியிருக்கிறதா, எத்தனையாவது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது இறந்தோ நீக்கப்பட்டோ இடம் காலியானால்தான் அடுத்தவருக்கு. கேட்கவே சங்கடமான கணக்கு, அப்படித்தான் இருக்கிறது.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அதில் இருக்கும் ஓய்வூதியதாரர் எண் பின்னால் தேவைப்படும். பணம் வங்கிக் கணக்குக்கு வரும். பல ஊர்களில் வங்கி முகவர் கைரேகை மெஷினோடு வந்து கொடுக்கிறார். அறுபது வருடம் களை பறித்த, நாற்று நட்ட விரலில் ரேகை இருப்பதில்லை. கட்டை விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்து வைத்துப் பார்ப்பார்கள், தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்பார்கள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். எதுவும் பிடிக்கவில்லை என்றால் வங்கிக் கிளைக்கு நேரில் போய் எடுக்கலாம். ரேகை விழவில்லை என்பதற்காக யாரும் பணத்தை மறுக்க முடியாது. ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்தாலும் சில சமயம் பலன் கிடைக்கும். முகவர் 'டீ செலவுக்கு' என்று பிடித்துக்கொள்வது சட்டப்படி கிடையாது. பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் வந்தது எவ்வளவு, கைக்குக் கிடைத்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பணத்தோடு வேறு இரண்டும் உண்டு, பலர் கேட்டு வாங்குவதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி அல்லது சேலை. மாதம் 4 கிலோ அரிசி. சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடுகிறவர் என்றால் 2 கிலோ. ரேஷன் கடையில் உத்தரவு நகலைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

திடீரென்று பணம் நின்றுவிட்டால் பதறாமல் முதலில் வங்கியைப் பாருங்கள். கணக்கு செயலிழந்திருக்கும், அல்லது கிளைகள் இணைந்ததில் குறியீடு மாறியிருக்கும். வங்கியில் எல்லாம் சரி என்றால் தாலுகாவில் நீக்கப்பட்டிருக்கலாம். ஆய்வுக்கு வந்த நேரத்தில் பாட்டி மகள் வீட்டுக்குப் போயிருந்தால், 'குடியிருப்பில் இல்லை' என்றோ, சமயத்தில் 'இறந்துவிட்டார்' என்றோகூடப் பதிவாகிவிடும். அப்படியானால் பாட்டியையே கூட்டிக்கொண்டு போய் நேரில் நிறுத்தி மனுக் கொடுக்க வேண்டியதுதான். அன்றைக்கு அவரைவிடப் பெரிய சான்று கிடையாது. வேறு தாலுகாவுக்கு நிரந்தரமாகக் குடிபோகிறவர் போகும் முன்பே பழைய அலுவலகத்தில் மாற்றுதல் மனுக் கொடுத்துவிட வேண்டும்.

ஓய்வூதியதாரர் இறந்தால் கிராம நிர்வாக அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு கணக்கில் விழும் தொகையை எடுக்கக் கூடாது. பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணவர் வாங்கிய ஓய்வூதியம் மனைவிக்குத் தானாக மாறாது. இறப்புச் சான்று கைக்கு வந்ததும் அவர் பெயரில் புது விண்ணப்பம், இ-சேவை மையத்திலிருந்து மறுபடியும்.